சின்ன வயிற்றோடு குடித்தனம்: எடைக் குறைப்பு அறுவைக்குப் போகிறவர்களுக்கு

அறுவை முடிந்து கண் விழித்த மறுநாள் காலை, தாதி ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினார். பிள்ளைகளுக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுப்போமே, அதே அளவு. உள்ளே 30 மில்லிலிட்டர் தண்ணீர். "மெதுவா, சிஸ்டர். கால் மணி நேரம் எடுத்துக்குங்க" என்றார். இதற்குப் போய் கால் மணி நேரமா என்று பாதியை ஒரே மடக்காக விட்டேன். நெஞ்சுக்கு நடுவே யாரோ முட்டியை வைத்து அழுத்துவதுபோல் வலித்தது. மீதிப் பாதிக்கு 20 நிமிடம் ஆனது.

அந்தக் கோப்பையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்னும் சமையலறையில் இருக்கிறது.

நான் சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியை. உயரம் 1.60 மீட்டர். மூன்று வருடங்களுக்கு முன், இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவைக்குப் பதிவு செய்தபோது எடை 104 கிலோ. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), உறக்கத்தில் மூச்சுத் திணறல் இரண்டும் இருந்தன. அதற்குப் பிறகு உறவிலும் அண்டை வீட்டிலுமாகப் பலர் என்னிடம் விசாரித்துவிட்டார்கள். எல்லாரும் கேட்பது "வலிக்குமா?", "எத்தனை கிலோ குறையும்?" என்ற இரண்டுதான். வலி ஒரு வாரத்தில் போய்விடுகிறது. கேட்க வேண்டியது வேறு: உங்கள் நாக்கும் உங்கள் வீடும் இதற்குத் தயாரா? அதைத்தான் இங்கே அதிகமாக எழுதியிருக்கிறேன். மருத்துவ முடிவுகளை உங்கள் மருத்துவக் குழுவோடு மட்டும் எடுங்கள்.

முதல் படி: தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

உங்கள் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. ஆசிய உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருவது அதிகம், இனிப்பு நீரும் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதனால் சிங்கப்பூரில் மேலை நாட்டு எல்லையைவிடக் குறைந்த எல்லையை வைத்திருக்கிறார்கள். பொதுவாக பிஎம்ஐ 37.5க்கு மேல் இருந்தால் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். இனிப்பு நீர், உயர் ரத்த அழுத்தம், உறக்க மூச்சுத் திணறல் போன்றவை கூடவே இருந்தால் 32.5 போதும். என் உயரத்துக்கு அது 96 கிலோவும் 83 கிலோவும். இனிப்பு நீர் கட்டுக்குள் வராதவர்களுக்கு இன்னும் குறைந்த எண்ணிலும் சில சமயம் பரிசீலிப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன் 8 கிலோ குறைக்க வேண்டும் என்பவர்களுக்கான வழி இதுவல்ல. என் பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான் வந்து நின்றாள். தேநீரில் சர்க்கரையை நிறுத்தச் சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொண்டாள்.

நேராக நிபுணரிடம் ஓடாதீர்கள். அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருந்தகத்தில் மானியக் கட்டணம் கிடைக்கும். தனியார் நோயாளியாக நீங்களே போய்ப் பதிந்துகொண்டால் அந்த மானியம் இல்லை. என் தோழி ஒருத்தி இதை மூன்றாவது பில் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல்நலக் காரணத்துக்காகச் செய்யும் அறுவைக்கு மெடிசேவும் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) மெடிஷீல்டு லைஃபும் (அடிப்படை மருத்துவக் காப்புறுதி) கைகொடுக்கும், அழகுக்காகச் செய்வதற்குக் கொடுக்காது. எந்த வார்டு, எவ்வளவு மானியம், கையிலிருந்து எவ்வளவு என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகர் உட்கார வைத்து எழுதியே காட்டுவார். அந்தத் தாளை வாங்காமல் தேதி குறிக்காதீர்கள். மேலே தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்கள், பாலிசியில் எடைக் குறைப்பு அறுவை விலக்கப்பட்டிருக்கிறதா என்று முகவரைக் கேட்காமல் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு மெடிசேவும் மானியமும் கிடையாது என்பதால் அவர்கள் கணக்கு வேறு.

விடுப்பு: வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வருபவர்களுக்கு, 6 மாதம் வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பு உண்டு. சாதாரண 14 நாள் நோய்விடுப்பும் அந்த 60க்குள் அடக்கம். மேலாளரிடம் "வயிற்றில் ஓர் அறுவை" என்று மட்டும் சொன்னால் போதும். எம்சியில் (மருத்துவச் சான்றிதழ்) அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எந்த அறுவை என்று புரிந்துகொள்ளுங்கள்

இங்கே அதிகம் செய்வது இரண்டு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழ அளவில் மீதியை வைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு அதிகம் உண்டாகும் பகுதியும் வெட்டிய துண்டோடு போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பசியே தெரியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்புறத்தில் ஒரு முட்டை அளவுக்குப் பை அமைத்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி நேராக இணைப்பார்கள். இரண்டையும் வயிற்றில் சில சிறு துளைகள் போட்டே செய்கிறார்கள்.

நெஞ்செரிச்சல் தொல்லை ஏற்கெனவே இருந்தால் உறுதியாகச் சொல்லுங்கள், ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம். பைபாஸ் செய்தவர்களுக்குச் சத்துக் குறைபாட்டைக் கவனிக்கும் வேலை கூடுதல். இனிப்பு நீர் கடுமையாக உள்ளவர்களுக்கு பைபாஸ் பலமாக வேலை செய்கிறது என்பதால் மருத்துவர் அந்தப் பக்கம் சாயலாம். "அவளுக்கு ஸ்லீவ் செய்தார்கள், எனக்கும் அதுவே வேண்டும்" என்று அடம்பிடிக்க இது புடவைக் கடை இல்லை.

இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனை, இரைப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, உறக்கப் பரிசோதனை என்று வரிசையாக வரும். உணவியல் நிபுணர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், உளவியலாளர் எல்லாரையும் பார்க்கச் சொல்வார்கள். உளவியலாளர் என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று என் மாமா சண்டைக்கே போனார். கவலை வந்தால் சாப்பிடுகிற ஆளா நீங்கள், இரவில் எழுந்து சாப்பிடுகிறீர்களா, குடிப் பழக்கம் உண்டா என்பதைத்தான் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். நான் கேட்டதற்கெல்லாம் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் இரவு 11 மணிக்கு முறுக்கு டப்பா திறக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அறுவைக்குப் பின் அந்தப் பழக்கத்தோடு தனியாகப் போராட வேண்டியதாயிற்று.

மூன்றாம் படி: முந்திய இரண்டு மாதங்கள்

காத்திருக்கும் காலம் என்று எண்ணி எல்லாரும் வீணடிப்பது இதைத்தான். "இனிமேல் சாப்பிடவே முடியாதே" என்று ஒவ்வொரு கடையாகப் போய் விடைபெற்றுக்கொண்டு வருவார்கள். எனக்கும் அப்படி மூன்று பிரியாணி விடைபெறுதல்கள் நடந்தன. அதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. கூடவே இவற்றையும் செய்யுங்கள் என்கிறேன்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் பிரியுங்கள். தண்ணீர்ச் செம்பை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பின் 30 நிமிடம் எதையும் குடிக்காமல் இருந்து பழகுங்கள். நம்மில் பாதிப் பேர் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தே வளர்ந்தவர்கள். இது வராது. முதல் வாரம் எனக்கு விக்கலே வந்தது. காரத்தைக் குறைத்தால் தண்ணீர்த் தேவையும் குறைகிறது என்பதை நாலாவது நாள்தான் கண்டுபிடித்தேன்.

மென்று பழகுங்கள். ஒவ்வொரு வாயும் 20, 25 தடவை, கூழாகும் வரை. டீ கரண்டியை மாற்றி, பிள்ளைகளுக்கு ஊட்டும் சின்னக் கரண்டிக்கு வாருங்கள். ஒரு வாய் போட்டதும் கரண்டியைக் கீழே வையுங்கள். கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு வேகம் தானாக ஏறிவிடும் என்பதால் நான் முதல் மூன்று மாதம் கையைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

கோப்பிக்கடையில் "கோப்பி சி கோசோங்" என்று சொல்லிப் பழகுங்கள். கோசோங் என்றால் சர்க்கரை இல்லை. இப்போது கடைப் பானங்களிலும் சர்க்கரை அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேடு குறி போட்டிருக்கிறார்கள், டி போட்டதை விட்டுவிடுங்கள். வாயு நிறைந்த பானங்களை இப்போதே நிறுத்திவிட்டால் பிறகு ஏக்கம் இருக்காது.

புகை பிடிப்பவர்கள் குறைந்தது 6 வாரத்துக்கு முன்பே விட வேண்டும். தையல் ஆறுவதைப் புகை கெடுக்கும், பைபாஸ் செய்தவர்களுக்குப் புண்ணையும் உண்டாக்கும். மூச்சுத் திணறலுக்கு முகமூடி இயந்திரம் கொடுத்தால் வெட்கப்படாமல் ஒவ்வோர் இரவும் போடுங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது பெரிய உதவி.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை எழுதிக் கொடுங்கள். ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம், சர்க்கரைக்கான கசாயம் எல்லாமும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது வீடு. நான் இரவுச் சாப்பாட்டு மேசையில் மாமியாரிடம் சொன்னேன்: "அத்தை, வர்ற மாசத்துலேருந்து நான் நாலு கரண்டிதான் சாப்பிடுவேன். இன்னும் கொஞ்சம்னு வைக்காதீங்க." அவர் கண் கலங்கிவிட்டது. தட்டில் போடுவதுதான் அவருக்குத் தெரிந்த பாசம். அடுத்த வாரம் உணவியல் நிபுணரிடம் அவரையும் கூட்டிப்போனேன். அந்தப் பெண் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக் காட்டி, "ஆன்ட்டி, இதுக்கு மேல போட்டா அவங்க வாந்தி எடுப்பாங்க" என்றார். அத்தை திரும்பி வரும்போது தேக்கா சந்தையில் இறங்கி, கைக்குள் அடங்குகிற ஆறு எவர்சில்வர் கிண்ணம் வாங்கினார். அன்றைக்கே பாதி அறுவை முடிந்ததுபோல் இருந்தது. உங்கள் வீட்டில் சமையலறை யார் கையில் இருக்கிறதோ அவரை ஒரு முறையாவது கூட்டிப்போங்கள்.

நான்காம் படி: இரண்டு வாரப் பால்

அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரம், சாப்பாட்டுக்குப் பதிலாகத் தூளில் கலக்கும் புரதப் பானம் மட்டும் கொடுப்பார்கள். நாளுக்கு ஏறக்குறைய 800 கலோரிதான். பெருத்தவர்களின் ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கும், அதன் இடப்பக்க மடல் இரைப்பையின் மேல் படுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பானத்தால் ஈரல் சுருங்கினால்தான் மருத்துவர் அதைத் தூக்கிவிட்டுப் பாதுகாப்பாக வேலை செய்ய முடியும். நடுவே ஒரு பராட்டா சாப்பிட்டால் யாருக்கும் தெரியாது என்பார்கள். ஈரலுக்குத் தெரியும்.

மூன்றாவது, நாலாவது நாள் மோசம். தலைவலி, எரிச்சல், பிள்ளைகள் மேல் பாய்ச்சல். ஐந்தாம் நாளிலிருந்து அடங்கிவிடும். தெளிந்த சூப்பும் வெள்ளரியும் அனுமதித்தால் அதைப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாப்பாடு இவ்வளவு குறையும்போது பழைய அளவு இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் ரத்தத்தில் அமிலம் ஏறும் வேறொரு ஆபத்தும் உண்டு, எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். பானத்தைத் தொடங்கும் முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவமனையும் முதல் ஆறு வாரமும்

இரண்டு மூன்று இரவு தங்க வேண்டியிருக்கும். தளர்வான உடை, போன் சார்ஜர், உதட்டுக்குத் தடவ ஏதாவது, அவ்வளவு போதும். எனக்கு மிகவும் உதவியது ஒரு சின்னத் தலையணை. இருமும்போதும், டாக்சியில் வீட்டுக்கு வரும்போதும் வயிற்றில் அணைத்துக்கொள்ள. அறுவை அன்றைக்கே எழுந்து நடக்க வைப்பார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது அவசியம், "முடியல" என்று படுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பின் சாப்பாடு படிப்படியாக ஏறும். நாள் கணக்கை உங்கள் மருத்துவமனை தரும் தாள்தான் முடிவு செய்யும், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

முதல் சில நாள் தெளிந்த நீர்: தண்ணீர், வடிகட்டிய கோழி சூப், காரமில்லாத தெளிந்த ரசம். என் அத்தை மிளகைத் தட்டாமல் சீரகமும் பூண்டும் போட்டு இறக்கி, துணியில் வடிகட்டிக் கொடுத்தார். அந்த ஒரு வாய் ரசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, உப்புச் சுவையைப் பார்த்து அத்தனை நாளாகியிருந்தது.

இரண்டாம் வாரம்வரை பால் போன்றவை: கொழுப்பு நீக்கிய பால், புரதப் பானம், நீர்மோர், அரைத்து வடித்த பருப்புத் தண்ணீர், சர்க்கரை போடாத சோயாப் பால்.

மூன்று, நான்காம் வாரம் கூழ்: மசித்த பருப்பு, மிக்சியில் அடித்த மீன், தயிர், சர்க்கரைப் பாகு ஊற்றாத தாவ் ஹுவே (இளகிய சோயாக் கட்டி). கஞ்சி மட்டும் குடித்தே இந்தக் கட்டத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்போம். கஞ்சியில் புரதம் மிகக் குறைவு, அதற்குள் மீனோ முட்டையோ அரைத்துச் சேர்க்க வேண்டும்.

ஐந்தாம் வாரம் முதல் மென்மையானவை: வேகவைத்த மீன், மென்மையான தௌஃபு, முட்டை, குழைந்த காய்கறி. எட்டாம் வாரத்துக்குப் பக்கத்தில்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவதில் கைவைக்கலாம்.

இதைவிடப் பெரிய வேலை தண்ணீர். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். மடக் மடக்கென்று குடிக்க முடியாத வயிற்றுக்கு அது முழு நேர உத்தியோகம். நம் ஊர் வெயிலில் நாக்கு வறண்டு, தலை சுற்றி, மறுபடி மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பலர் தண்ணீர் போதாமல் போகிறவர்கள்தான். என் மகன் என் போனில் 15 நிமிடத்துக்கு ஒரு மணி வைத்தான். மணி அடித்தால் இரண்டு வாய். மணிச் சத்தம் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லாரும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள்.

தினமும் நடங்கள். முதல் வாரம் புளோக் கீழே ஒரு சுற்று, பிறகு மார்க்கெட் வரை, பிறகு பூங்கா இணைப்புப் பாதை. 4 முதல் 6 வாரம்வரை கனமானதைத் தூக்கக் கூடாது. அரிசி மூட்டை, கைக்குழந்தை, தண்ணீர் நிரம்பிய வாளி எல்லாம் அதில் சேரும். நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மூன்று வயதுப் பையன் "டீச்சர்!" என்று ஓடி வந்து கையை நீட்டினான். முட்டி போட்டு உட்கார்ந்து அணைத்துக்கொண்டேன்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

இதை அச்சடித்து ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் படபடவென்று நிமிடத்துக்கு 120க்கு மேல் அடித்தால், காய்ச்சல் வந்தால், வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், இடது தோளில் வலி பரவினால், தையல் போட்ட இடம் உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, கறுப்பாக மலம் போவது எல்லாம் அவசரம்தான். "காத்தாலே பார்த்துக்கலாம்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள், நிலைமை மோசமென்றால் ஆம்புலன்ஸுக்கு 995. அங்கே முதல் வாக்கியமாக "எடைக் குறைப்பு அறுவை செய்து இத்தனை நாளாகிறது" என்று சொல்லுங்கள்.

வாந்தி நிற்காமல் இரண்டு மூன்று நாள் போனாலும் விட்டுவிடக் கூடாது. பி1 சத்து உடலில் அதிக நாள் தங்காது, அது வற்றினால் பார்வையும் நடையும் தடுமாறும், மூளையைப் பாதிக்கும்.

சிக்கிக்கொண்டால்

இதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. 40வது நாள், பள்ளி ஓய்வறையில், அவசரமாக இரண்டு வாய் கோழி நெஞ்சுக்கறி. நேற்றைய மிச்சம், மைக்ரோவேவில் சூடாக்கியதால் வறண்டிருந்தது. மூன்றாவது வாய்க்குள் நெஞ்சு அடைத்தது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறத் தொடங்கியது, விழுங்கினால் திரும்ப மேலே வந்தது. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நுரையைத் துப்பிக்கொண்டு நின்றேன். பிறகு அந்தத் துண்டு வெளியே வந்தது, கடலை அளவுகூட இல்லை.

அப்படி ஆனால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், அழுத்தம் கூடும். எழுந்து நடங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். போய்விட்டால் அன்று முழுவதும் நீராகவே எடுங்கள். மணிக்கணக்கில் எச்சில்கூட இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். சிக்குகிற ஆட்கள் யார் என்று எனக்கு இப்போது தெரியும்: வறண்ட கோழி, ரொட்டி, மாவாகக் குழையும் பராட்டா, ஒட்டிக்கொள்ளும் சோறு. குழம்பில் ஊறிய மீன் ஒருநாளும் சிக்கியதில்லை.

புரதமும் மாத்திரையும்

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று இலக்கு வைப்பார்கள். தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால்தான் சோறு. நமக்கு இது தலைகீழ், சோற்றுக்குத்தான் குழம்பு என்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 8, நூறு கிராம் வெந்த பருப்பில் 7, 8 இருக்கும். பருப்பை மட்டும் நம்பினால் எட்டாது என்பது இந்தக் கணக்கைப் போட்டாலே தெரிந்துவிடும். சைவக்காரர்கள் தெம்பேயோடு (புளிக்க வைத்த சோயா) சிநேகமாகுங்கள், நூறு கிராமில் 19 கிராம் அளவுக்கு இருக்கிறது. சாம்பாரில் போட்டால் வெண்டைக்காய்க்கு அண்ணன்போல் நன்றாகவே இருக்கும். தயிர், பன்னீர், தௌக்வாவும் (கெட்டியான தௌஃபு) உண்டு. புரட்டாசியில் சைவத்துக்கு மாறுகிறவர்கள் அந்த மாதத்துக்குத் தனியாகத் திட்டம் போட வேண்டும்.

மாத்திரைகள் ஆயுள் முழுக்க. பல சத்துகள் சேர்ந்த மாத்திரை, பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம். கால்சியம் சிட்ரேட் வகையைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள், அது இரைப்பை அமிலம் குறைவாக இருந்தாலும் கரையும். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடாதீர்கள், 2 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு தேநீர் குடித்தால் சத்து சேராது. சில உறைமாத்திரைகளின் கூடு விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது, சைவர்களும் முஸ்லிம்களும் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். வலி என்றால் கடையில் கிடைக்கும் ஐபுபுரோஃபென் வகையைத் தொடாதீர்கள், முக்கியமாக பைபாஸ் செய்தவர்கள். பாரசிட்டமால்தான் பொதுவாகப் பாதுகாப்பு.

வெளியே, விருந்தில், விரதத்தில்

உணவங்காடியில் நான் பெரும்பாலும் போவது இரண்டு கடை. மீன் சூப் கடையில் சேமியா வேண்டாம், மீன் கூடுதலாக என்பேன், பாதியைப் பொட்டலம் கட்டிக்கொள்வேன். யோங் தாவ் ஃபூவில் தௌஃபு, மீன் உருண்டை, கீரை எடுத்து, நூடல்ஸை விட்டுவிட்டு, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் சூப்பைக் குடிப்பேன். கடைக்காரம்மாவுக்கு என்மேல் இன்னும் சந்தேகம், "சாப்பாடு நல்லா இல்லியா?" என்று கேட்பார்.

கல்யாண வீட்டில்தான் சிக்கல். வாழை இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்த்துவிட்டார்களே. இலை போட்டதும் முதலிலேயே இரண்டு கையாலும் மறைத்து, "கூட்டு மட்டும், ஒரு கரண்டி" என்று சொல்லிவிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் "ஏன் இப்படி இளைச்சுட்டே, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டவர்களில் பாதிப் பேருக்கு "டாக்டர் சொன்னாரு" என்று மட்டும் சொன்னேன். யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

இனிப்பு வேறு மாதிரித் தண்டிக்கும். தீபாவளிக்கு ஒரு குலாப் ஜாமூனை முழுசாகப் போட்டுக்கொண்டேன். பத்தே நிமிடத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு அடித்து, சோபாவில் சாய்ந்துவிட்டேன். சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் கொட்டுவதால் வருவது இது, பைபாஸ்காரர்களுக்கு இன்னும் கடுமை. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கியும் மயக்கம் வரும். மது சீக்கிரம் ஏறும், ஒரு கோப்பைக்கே தள்ளாடுவார்கள். சாப்பாடு தந்த ஆறுதலைக் குடியில் தேடுகிறவர்கள் உண்டு என்பதால் அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள்.

தண்ணீரில்லாத விரதம் முதல் வருடத்தில் வேண்டாம். ரமலான் நோன்பு, தைப்பூச விரதம் எதுவானாலும் முன்கூட்டியே மருத்துவரிடமும் பெரியவர்களிடமும் பேசி முடிவெடுங்கள்.

முடி, மோதிரம், ரவிக்கை

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாக வரும். குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்ப முளைத்தது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பயப்பட வேண்டாம், விலை உயர்ந்த எண்ணெய் எதையும் வாங்கவும் வேண்டாம்.

பெண்கள் 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது மாதவிடாய் சீராகி, வருடக்கணக்கில் வராத கரு சட்டென்று வந்துவிடுகிறது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, வேறு வழியைக் கேளுங்கள்.

எடை வேகமாகக் குறையும்போது பித்தக்கல் உண்டாகலாம், அதற்கு ஒரு மாத்திரை தந்தால் மறக்காமல் போடுங்கள். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளின் அளவு வாரக் கணக்கில்கூட மாறலாம், வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள்.

துணி வாங்க அவசரப்படாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை உடம்பு மாறும். தேக்கா மாடியில் தையற்காரரிடம் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். புடவைக்கு எந்தக் கவலையும் இல்லை, 104 கிலோவிலும் 73 கிலோவிலும் அதே ஆறு கெஜம்தான். கல்யாண மோதிரம் மட்டும் பாத்திரம் கழுவும்போது கழன்று விழப் பார்த்தது, மூன்றாம் மாதமே கழற்றி வைத்துவிடுங்கள். தோல் தொங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொங்கும். மேல்கையிலும் வயிற்றிலும் எனக்கு இருக்கிறது.

இரண்டாம் வருடம்

முதல் வருடம் எடை தானாக இறங்குவதுபோல் இருக்கும். எனக்கு ஒரே வருடத்தில் 31 கிலோ குறைந்தது. 18 மாதத்துக்குப் பிறகு பசி திரும்பி வருகிறது, இரைப்பையும் முன்புபோல் கறாராக இல்லை. கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பது. எனக்கு 4 கிலோ ஏறி 77இல் நின்றது.

அந்த நேரத்தில்தான் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூச்சத்தில் ஹெல்த்ஹப் செயலியில் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். மூன்றாவது முறை என் கணவர் விடுப்பெடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். உணவியல் நிபுணர் எடையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் பழைய குறிப்புகளைத் திறந்து, "சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர், "செம்பு மேசைக்கு வந்து மூணு மாசமாச்சு" என்றார்.